பதில் ஆரு?

எங்கள் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. நேரில் ‘வக்கீல் அண்ணாச்சி’. அவர் தலை மறைந்ததும் ‘பதிலாரு’. “பதிலாரு வருகாரு, பேச்ச மாத்துங்கவே” என்று டீக்கடையில் சொல்வார்களாம். என் கணவர் வந்து சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது அந்தப் பட்டப்பெயரை நான் வாயில் எடுப்பதில்லை. அவரைப் பற்றி எழுதலாமா என்றே பல நாள் யோசித்தேன். எழுதினால் சரியாக எழுத வேண்டும். அவர் படித்தால், “தங்கச்சி, இந்த வரிக்குப் பதில் ஆரு?” என்று கேட்கக்கூடிய மனிதர்.

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில், எங்கள் எதிர்வீட்டில் அவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். ஒல்லியான ஆள். கறுப்புக் கோட்டு வெளுத்துப் பாசிநிறமாகிவிட்டிருந்தது. காலையில் பஸ் ஏறி நாகர்கோவில் கோர்ட்டுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எங்காவது ஏதாவது கெட்டுப்போனால் மட்டும், “செரி, இதுக்குப் பதில் ஆரு?” என்று கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். கேள்வியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்தக் காத்திருப்பைத்தான் தாங்க முடியாது.

ஒரு தடவை அம்மன் கோயில் கொடைவிழாவில் சாப்பாட்டுப் பந்தி. அவியல் புளித்துவிட்டது. எல்லோரும் இலையோரமாக ஒதுக்கிவிட்டு மற்றதைச் சாப்பிட்டார்கள். இவர் கேட்டார். சமையல்காரர், தேங்காய் சரியில்லை என்றார். தேங்காய் கொடுத்தவர், கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது என்றார். தூக்கி வந்தவர் வெயிலைச் சொன்னார். இவர் இலையை மடக்காமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த பந்திக்கு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் கோயில் பொறுப்பைப் பார்க்கும் காரியக்காரர் வந்து, “நாந்தாம்வே நேத்தே அரைச்சு வைக்கச் சொன்னேன். போதுமா?” என்றார். “போதும். அவ்வளவுதான் வேணும்” என்று சொல்லி இலையை மடக்கினார். பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. காரியக்காரர் மகள் கல்யாணத்தில் முதல் ஆளாகப் போய் நின்றதும் அவர்தான்.

அவருடைய பசு ஒரு நாள் எங்கள் வாழைக்கன்றுகளைத் தின்றுவிட்டது. நாங்கள் பார்ப்பதற்கு முன்பே வாசலில் வந்து நின்றார். “தங்கச்சி, உங்க வாழை போச்சு. பதில் நான்” என்றார். சாயங்காலத்துக்குள் கன்றுகள் கொண்டுவந்து, தானே குழி தோண்டி வைத்துவிட்டுப் போனார். ஆகவே அடுத்தவர்களிடம் மட்டும் கேட்கிறவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. “எனக்குப் பிள்ளை இல்லாததுக்குப் பதில் ஆருன்னு தாணுமாலயன் சன்னதியில போயி இந்த மனுசன் நிக்கல்ல. அது மட்டுந்தான் பாக்கி” என்று சிரிப்பாள். அவர் எங்கள் மூத்தவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்காததுபோல இருப்பார்.

அந்த மூத்தவளுக்குத்தான் அது நடந்தது.

மாசியில் கும்பப்பூ அறுப்பு முடிந்த சமயம். எங்கள் பக்கத்தில் கதிரடித்த பிறகு வைக்கோலை ரோட்டில் பரப்பிப் போடுவார்கள். பஸ்ஸும் லாரியும் அதன்மேல் ஏறிப் போனால் மிச்சமிருக்கும் நெல்மணிகள் உதிரும். அதற்கு ஒரு முறை உண்டு. வண்டி வந்ததும் வைக்கோலுக்கு முன்னால் நிற்கும். ஒருவர் நீளக் கம்போடு வைக்கோலைக் கிளறியபடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பார். பிள்ளைகள் உள்ளே புகுந்து ஒளிந்து விளையாடுவது வழக்கம். யாரும் இல்லை என்று கண்ட பிறகுதான் வண்டி ஏறலாம் என்பதற்கு “கேறிக்கோ!” என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் கேட்காமல் உள்ளூர் டிரைவர் யாரும் வண்டிப் பைதாவை வைக்கோலில் ஏற்ற மாட்டார்.

அன்று வந்தது கொசு மருந்து ஜீப். உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து அமைத்த சபை ஒன்று, காய்ச்சலை ஒழிக்க வீடு வீடாக மருந்தடிக்க அனுப்பியது. ஊரில் அதை ‘ஒலக சபை’ என்பார்கள். முன்பக்கம் எங்கள் பக்கத்து டிரைவர். அரசாங்கம் இரவலாகக் கொடுத்த ஆள். பின்னால் வெள்ளைக்கார டாக்டர் உட்கார்ந்திருந்தார். ஜீப் வந்து வைக்கோலுக்கு முன்னால் நின்றது. கம்புக்காரர் வாய்க்காலில் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். நான் தென்னை நிழலில் சின்னவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூத்தவள் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறாள் என்று நினைத்தேன். டிரைவர் திரும்பி ஏதோ சொன்னார். பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கை நீண்டு அவர் தோளில் இரண்டு தடவை தட்டியது. ஜீப் ஏறியது.

அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன்.

அதே டாக்டர்தான் அவளைத் தூக்கி, அதே ஜீப்பில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவர் சட்டையெல்லாம் ரத்தம். உயிர் தப்பியது. கால் கோணலாகச் சேர்ந்தது. திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பைத் திரும்ப உடைத்துச் சேர்க்க வேண்டும், தாமதித்தால் வளர வளரக் கோணல் கூடும் என்றார்கள். அன்று முதல் எனக்கு அந்த ஒரே எண்ணம்தான். அவள் எழுந்து நிற்கும்போதெல்லாம் நேற்றைவிடக் கூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். கூடியது போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும். என் கணவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னால், “ஏட்டி, காலையிலதானே பாத்தேன்” என்பார்.

தாலுகா ஆபீசில் வேலை பார்த்த என் கணவர் போலீசில் பிராது கொடுத்தார். அவர்கள் ஜீப்பைத் தொடவில்லை. அந்தச் சபையின் வண்டியைப் பிடித்துவைக்கக் கூடாது, அதன் அதிகாரியை எந்தக் கோர்ட்டுக்கும் கூப்பிடக் கூடாது, சாட்சி சொல்லக்கூடக் கூப்பிடக் கூடாது, சர்க்கார் ஒப்புக்கொண்டு சட்டமே இருக்கிறது என்றார்கள். டிரைவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

வக்கீல் அண்ணாச்சி நமக்காக நிற்பார் என்று நான் நம்பியிருந்தேன். அக்காதான் வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “இவிய அந்த டிரைவருக்கு ஆஜராவுதாவ, பிள்ளே.”

சின்னவனை இடுப்பில் வைத்தபடி எதிர்வீட்டுக்குப் போனேன். “அண்ணாச்சி, எனக்க பிள்ளைய மடியில வச்சுச் சோறு ஊட்டின கையாக்கும் இது” என்றேன்.

அவர் எழுந்து நின்றார். “தங்கச்சி, பிள்ளைக்க காலுக்குப் பதில் வேணும். அதுக்காச்சுட்டித்தான் அவனுக்கு நிக்கேன். எட்டுற கை அவன் கை ஒண்ணுதான்னு அவனப் பிடிச்சிருக்கானுவ. அவன் உள்ள போயிட்டாம்னா கேள்வி முடிஞ்சு போவும். பதில் சொல்ல வேண்டியவன் ஒருநாளும் சொல்லாண்டாம்.”

“வெள்ளக்காரத் தொரைய ஆரு கூப்பிட முடியும்?”

“முன்னால சுசீந்திரத்துல கைமுக்கு உண்டும். நம்பூதிரியே ஆனாலும், குத்தம்னு வந்தா இஞ்ச வந்து கொதிக்க நெய்யில கைய விடணும். கொடுமையான முறை. நிறுத்துனது நல்லது. ஆனா பெரியவன் வந்து கை வைக்கதுக்குன்னு ஒரு எடம் இருந்துது. இப்ப இந்தச் சபைக்கு அப்படி ஒரு எடம் எங்க இருக்குன்னு தேடுகேன்.”

அவர் சும்மா தேடவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து தடித்த புத்தகங்கள் வந்தன. அந்தச் சபையின் அதிகாரிகளுக்குப் பாதுகாப்பு கொடுத்தது நல்ல காரணத்துக்காகத்தான் என்று அவரே சொன்னார். எந்த நாட்டு அரசும் அவர்களைப் பிடித்து மிரட்டக் கூடாது அல்லவா? ஆனால் அந்தப் பாதுகாப்பு சபையின் வேலைக்கு, ஆளின் சௌகரியத்துக்கு அல்ல. நியாயம் தடைபடும் என்றால் சபையின் தலைவர் அதை விலக்கலாம். “விலக்கலாம்னு மட்டும் இல்ல தங்கச்சி, விலக்கது அவருக்குக் கடமைன்னே எழுதியிருக்கு. இப்படி வருக வழக்கத் தீர்க்க ஒரு வழி செய்யணும்னும் எழுதியிருக்கு. என்ன வழின்னுதான் எழுதல்ல.” உலகத்துப் பெரிய கோர்ட்டு அந்தச் சபையை ஓர் ஆளாகவே ஏற்றுக்கொண்டு, அதன் ஊழியனுக்கு அடிபட்டால் சபையே வழக்குக் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறதாம். “கேக்க வாய் உண்டும்னா பதில் சொல்லவும் வாய் உண்டும்லா?” என்றார். கடல் கடந்து கடிதங்கள் போயின. தபால்காரர் எதிர்வீட்டுப் படியேறும்போதெல்லாம் நான் அடுப்பை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவேன்.

ஊரில் பேச்சு கிளம்பியது. கிணற்றடியில் ஒருத்தி என் முகத்துக்கு நேரேயே கேட்டாள்: “மருந்தடிச்ச பொறவு எனக்க வீட்டுல ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்ல. ஒங்க கேசுனால ஜீப்பு வராம நின்னுதுன்னா, அப்ப எனக்க பிள்ளையளுக்கு ஆரு பதில்? உங்க பதிலாருவா?” நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள் சொன்னதில் தப்பில்லை. என் சின்னவனும் அந்த மருந்தின் புண்ணியத்தில்தானே காய்ச்சல் இல்லாமல் இருக்கிறான்?

வெள்ளைக்கார டாக்டர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். வக்கீல் அண்ணாச்சியும் கூட வந்தார். டாக்டர் தரையில் உட்கார்ந்து மூத்தவளின் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தை நான் கூட்டிச் சேர்த்து, போகச் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் ஐயோ என்றிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்து, “ஆமாம்” என்றார். வைக்கோலின் அந்தப் பக்கம் நின்றவர்கள் கையசைத்ததை வரச்சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாராம். எங்கள் முறை அவருக்குத் தெரியாது. கோர்ட்டில் வந்து இதையே சொல்லத் தயார் என்று மேலிடத்துக்கு எழுதியும் விட்டார். அந்தப் பாதுகாப்பு உன்னுடையதல்ல, சபையுடையது, நீயாகக் கழற்றிவைக்க முடியாது என்று பதில் வந்ததாம். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

அவர் போன பிறகு அண்ணாச்சி வாசலில் செருப்பை மாட்டினார். “நல்ல மனுசன். அதனாலதான் கஷ்டம். கெட்டவன்கிட்ட கேள்வி கேக்கது எளுப்பம் தங்கச்சி. நல்லது செய்ய வந்தவன்கிட்ட கேக்கதுக்குத்தான் சட்டம் வேணும்” என்றார்.

பிறகு அந்தக் காகிதம் வந்தது. தாலுகா ஆபீஸ் வழியாக வந்ததை என் கணவர் மடியில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். திருவனந்தபுரத்து ஆபரேஷனைச் சபையே பார்த்துக்கொள்ளும். கருணையினால் செய்வது, பொறுப்பு ஏற்றுக்கொண்டு அல்ல. இனி எந்த வழக்கும் கேட்க மாட்டோம் என்று தாயும் தகப்பனும் கையெழுத்திட வேண்டும். அதுவரை சரி. கடைசியில் இன்னொரு வரி இருந்தது. விபத்து டிரைவர் தன் இஷ்டத்துக்கு வண்டியை ஏற்றியதால் நடந்தது என்று நேரில் கண்ட தாய் உறுதி கூறுகிறாள்.

“போடு ஏட்டி. கால் நேராவணும்னா போடு. தோளுல தட்டுனத நீ கண்டியான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் உன்கிட்ட கேக்கல்லியே. கேக்காததுக்கு எதுக்குப் பதில்?” என்றார் என் கணவர். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அந்த எழுத்து ஆடியிருந்தது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். அண்ணாச்சி கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையில் வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். “நான் அவனுக்கு வக்கீல் தங்கச்சி. இதுல உங்களுக்கு ஒரு வார்த்தை நான் சொல்லப்படாது.”

“அண்ணாச்சி, பிள்ளைக்க காலு…”

“தெரியும்.”

“பொறவு?”

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஊரையே கேள்வி கேட்ட மனிதர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது எனக்குக் கோபம் வந்திருக்கும், கோபத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன். அக்கா அடுக்களையிலிருந்து, “ஒப்புப் போடு பிள்ளே, சவம் சட்டம்! பிள்ளைக்க காலைத்தான் பாக்கணும்” என்று கத்தினாள். அவர் அவளை அடக்கவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. அந்தப் பாசிநிறக் கோட்டு ஒரு கையில் மாட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தேன். மூத்தவள் சுவரைப் பிடித்தபடி சின்னவனுக்கு நடை காட்டிக்கொண்டிருந்தாள். பேனாவை எடுத்து டிரைவரைப் பற்றிய வரியை அடித்தேன். எழுத்து தெரியாதபடி நன்றாக அடித்தேன். அடியில் என் பெயரை எழுதினேன். என் கணவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. காகிதம் போனது.

அதன் பிறகு வந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளையின் காலை ஒரு வரிக்காக விற்றுவிட்டேனோ? அந்த டிரைவர் எனக்கு யார்? அவர் மனைவி கடியப்பட்டணத்திலிருந்து கைப்பிள்ளையோடு வந்து கோர்ட்டு வாசலில் நிற்பாள் என்று அக்கா சொல்லியிருந்தாள். அதற்காகவா? சபையிலிருந்து ஒரு பதிலும் இல்லை. அதற்குள் கேஸ் வந்துவிட்டது. தாயைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். “பொம்பளை கோர்ட்டுக்கூட்டுல ஏறணுமா?” என்று மட்டும் என் கணவர் கேட்டார். பிறகு அவரே பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்.

கூண்டில் நின்றபோது வக்கீல் அண்ணாச்சி என்னைத் தெரியாதவரைப் போலப் பார்த்தார்.

“ஜீப்பு வைக்கோலுக்கு முன்னால் நின்றதா?”

“நின்றது.”

“பிறகு ஏன் ஏறியது?”

“பின்னாலிருந்து ஒரு கை டிரைவரின் தோளில் தட்டியது.”

“யாருடைய கை?”

சொன்னேன். அந்த ஆள் இந்தக் கோர்ட்டின் முன் இல்லை, வரவும் மாட்டார் என்று மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். தோளைத் தட்டிய கையைக் கூப்பிட முடியாத நிலையில் தோளை மட்டும் தண்டிக்க முடியாது என்று டிரைவரை விட்டுவிட்டார். வெளியே டிரைவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லோரும் அண்ணாச்சியைப் பாராட்டினார்கள். அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

“குத்தம் இவன்மேல இல்லன்னாச்சு. அப்ப அந்த எடம் இன்னும் காலியாத்தானே கெடக்கு?” என்று குடையை விரித்தார்.

ஆபரேஷனுக்கு உத்தரவு பிறகு வந்தது. அடித்த வரியைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. அவர்கள் பார்க்கவில்லையா, பார்த்தும் விட்டுவிட்டார்களா, அந்த டாக்டர் யாரிடமாவது மன்றாடினாரா, எதுவும் தெரியாது. மூத்தவளின் கால் நேரானது. முழுதாக அல்ல. ஓடும்போது இடது பக்கம் கொஞ்சம் சாய்வாள். தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியும்.

வழக்குக் கேட்க மாட்டோம் என்று நாங்கள் எழுதிக்கொடுத்தாகிவிட்டது. அண்ணாச்சிக்கோ கேட்க உரிமையே இல்லை, அவருடைய பிள்ளை அல்லவே. ஆனாலும் எழுதிக்கொண்டே இருந்தார். சபை சொன்னது: ஒப்பந்தப்படி இந்த நாட்டில் எந்த நஷ்டத்துக்கும் சர்க்கார்தான் பொறுப்பு. திருவனந்தபுரம் சொன்னது: டில்லியைக் கேள். டில்லி சொன்னது: திருவனந்தபுரத்தைக் கேள். பந்தியில் அவியலைச் சொன்ன மாதிரியே இருந்தது. காரியக்காரர் ஒருவர் முன்னால் வரவில்லை, அவ்வளவுதான். இவரும் இலையை மடக்கவில்லை.

பிறகு, அதுவரை திருவனந்தபுரத்துக்குக் கீழ் இருந்த எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. ஊரெல்லாம் வெடி, மிட்டாய். நாங்களும் வாசலில் மாக்கோலம் போட்டோம். அண்ணாச்சி மட்டும் கவலையோடு நின்றார். ஒப்பந்தத்தில் பொறுப்பேற்ற சர்க்கார் திருவனந்தபுரத்தில், கால் ஒடிந்த பிள்ளை சென்னை ராஜ்யத்தில். இனி இரண்டு பேரும் மற்றவரைக் கைகாட்டலாம். அந்த மாதமே பெட்டிகளைக் கட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்குக் குடிபோக முடிவு செய்தார். பழைய திருவிதாங்கூர் வழக்குகளுக்காக என்று மற்றவர்களிடம் சொன்னார். “இவியளுக்கு அந்த ஃபைலு பக்கத்துல இருக்கணும்” என்றாள் அக்கா என் காதில்.

பஸ் ஏறும் நாள் மூத்தவள் சாய்ந்து சாய்ந்து ஓடிப்போய் அவர் கோட்டைப் பிடித்தாள். ஊரில் அவர் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் அல்லவா?

“மாமா, எனக்க காலு ஒடிஞ்சதுக்குப் பதில் ஆரு?”

கேட்டுவிட்டு, அவரைப் போலவே காத்திருந்தாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். அண்ணாச்சி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ரோட்டிலேயே குந்தினார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு காலத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் திருப்பிக் கேட்ட ஆள் இவள்தான்.

“தெரியல்ல மக்கா” என்றார். “கேட்டிருக்கேன்.”

பஸ் போய்விட்டது. அவரிடமிருந்து அதன் பிறகு கடிதம் இல்லை. எதிர்வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். இந்த வருடமும் கும்பப்பூ அறுப்பு முடிந்து ரோட்டில் வைக்கோல் கிடக்கிறது. கம்புக்காரர் இருந்தாலும் நானும் போய் ஒரு முறை கிளறிப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு, ஓரத்தைச் சரியாகப் பார்த்தேனா என்று மறுபடி எழுந்து போகிறேன். ஊரில் சிரிக்கிறார்கள். தபால்காரர் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது மூத்தவள் என்னை நிமிர்ந்து பார்ப்பாள். நான் இல்லை என்று தலையசைப்பதில்லை.

“கேட்டிருக்கு மக்கா” என்கிறேன்.